கடைவாய்ப் பல்லும் ஹவுசி மைக்கும்

விவேக் நகரில் மைக்கேல்ராஜின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் கிடையாது.

பகலில் அவர் கமர்ஷியல் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இருட்டறைக்குள் வாடிக்கையாளரை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு யாரும் கைதட்டியதில்லை.

கைதட்டெல்லாம் ஹவுசிக்குத்தான். அவர்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பள்ளிக்கூட ஹாலில் ஒரு மாலை கூடும். கேக், வைன், பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் ஜனம் வருவது ஹவுசி ஆட. ஆளுக்கொரு சீட்டு, சீட்டில் எண்கள். மேடையில் இருப்பவர் பையில் கைவிட்டு வில்லையை எடுத்து எண்ணைப் படிப்பார். கையில் உள்ள எண் வந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். முழுச் சீட்டையும் முதலில் அடித்தவருக்குப் பெரிய பரிசு.

எண்ணைப் படிக்கிற வேலைதானே என்று தோன்றும். மைக்கேல்ராஜ் படித்துக் கேட்காதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். அவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொல்வார். இலக்கத்தைப் பிரித்து ஒரு முறை, சேர்த்து ஒரு முறை. அப்புறம் ஒரு வெடி.

"நாலு, ஏழு... நாற்பத்தேழு. நம்ம பின்கோடோட வால்!"

"மூணு, சைபர்... முப்பது. யூதாஸ் வாங்கின வெள்ளிக்காசு! யாருகிட்டயாவது இருக்கா?"

"இருக்கு மைக்கேல்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"அப்போ நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துடு!"

ஹால் குலுங்கும். அந்தக் குலுங்கலுக்காகத்தான் மனிதர் வருடம் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த வருடம் அதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஜனவரியில் பங்குத் திருவிழா. அதற்கு எல்லா அன்பியங்களும் சேர்ந்து கோயில் மைதானத்தில் ஹவுசி நடத்தப் போகிறார்கள். பள்ளிக்கூட ஹாலைப்போல் பத்து மடங்கு கூட்டம். "இந்த வருஷம் யாரு நல்லாப் படிக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் திருவிழா மைக்" என்று அன்பியத் தலைவி குளோரியா ஆன்ட்டி சொல்லியிருந்தார். சொல்லும்போது மைக்கேல்ராஜைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். போட்டிக்கு வேறு ஆள் ஏது?

அந்த நேரம் பார்த்து இடது கடைவாயில், ஈறுக்குள் படுத்துக் கிடந்த பல் விழித்துக்கொண்டது. கன்னம் பூரியாக உப்பியது. பல் டாக்டர் ஸ்னேஹா எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். பல் நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. "இவத்தே தெகிபேக்கு சார். இன்னைக்கே எடுக்கணும்" என்றார் கன்னடமும் தமிழுமாக. ஈறைக் கீறி, பல்லை இரண்டாக உடைத்து எடுத்து, தையல் போட்டு, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பினார். சூடு கூடாது, காரம் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, காறித் துப்பக் கூடாது. பேச்சு, முடிந்தவரை குறைவு.

ஹவுசி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று மைக்கேல்ராஜ் கணக்குப் போட்டிருந்தார். மறுநாள் காலை, ஆறிய கேழ்வரகுக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே மனைவி நோரா அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. குளோரியா ஆன்ட்டிகிட்ட பேசிட்டேன். ஹவுசிக்கு நம்ம எரிக் வரான்."

எரிக் அவளுடைய தம்பி. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி, அங்கேயே அபார்ட்மென்ட். ஆபீஸ் ஆண்டுவிழாக்களில் மைக் பிடிப்பவன் என்று நோரா அடிக்கடி பெருமைப்படுவாள்.

"யாரைக் கேட்டு?" என்று கத்தினார் மைக்கேல்ராஜ்.

கத்தியது தப்பு. வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண்ணாடியில் பார்த்தால் ரத்தம். ஆட்டோ பிடித்து மறுபடி ஸ்னேஹாவிடம் ஓடினார்கள். அவர் புதிய பஞ்சைத் திணித்து, இந்த முறை சிரிக்காமல் சொன்னார்: "மாதாட்பேடி சார். ஞாயிறு முடியிற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. ஏதாவது சொல்லணும்னா மொபைல்ல டைப் பண்ணுங்க."

"சும்மா நம்பர்தானே படிக்கப் போறான், அதுக்குப் போய் இவ்ளோ கோபமா?" என்றாள் நோரா, திரும்பும் வழியில். தையலை விட அதுதான் அதிகம் குத்தியது.

அன்று முழுக்க வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. இளநீர் வந்தது, வெனிலா ஐஸ்க்ரீம் வந்தது. வந்தவர்கள் முதலில் கன்னத்தைப் பார்த்து "அய்யோ பாவம்" என்றார்கள். அடுத்த மூச்சில் நோராவிடம், "உன் தம்பியாமே இந்த வருஷம்? அவனுக்கு இங்கிலீஷ்ல பிச்சு உதற வருமாமே?" என்றார்கள். மைக்கேல்ராஜ் மூலையில் உட்கார்ந்து ஐஸ்க்ரீமை விழுங்கிக்கொண்டிருந்தார். தொண்டை குளிர்ந்தது. வயிறு எரிந்தது.

சனிக்கிழமை மாலை எரிக்கே வந்து நின்றான். நெட்டையான ஆள். சிரித்தால் பல் வரிசை கோடு போட்டதுபோல் தெரியும்.

"என்னா மாமா, ரொம்ப வலியா? எனக்கு இந்த விஸ்டம் டூத் முளைக்கவே இல்ல, தெரியுமா? டாக்டரே, 'யூ ஆர் லக்கி'ன்னாரு."

பல்கூட இவனுக்குத் தொந்தரவு தரவில்லை. மைக்கேல்ராஜ் அந்த வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"மாமா, நாளைக்கு நடக்கப் போறதை நெனச்சா பயமா இருக்கு" என்று எரிக் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆபீஸ்ல மேட்டர் வேற. இங்க எல்லாரும் உங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகினவங்க. ஏதாவது டிப்ஸ் குடுங்க. உங்களை மாதிரி யாரு சொல்லுவா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். பையன் உண்மையாகவே கேட்டான். மைக்கேல்ராஜ் மொபைலை எடுத்தார். கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டினார்:

"வேகமாப் படி. ஒரு தடவை சொன்னாப் போதும். ரெண்டு தடவை சொன்னா ஜனத்துக்கு போர் அடிக்கும்."

எரிக் படித்து, தலையாட்டி, "தேங்க்ஸ் மாமா" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். மைக்கேல்ராஜுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. மசித்த தயிர்சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு மாலை ஹால் நிரம்பி வழிந்தது. மைக்கேல்ராஜ் கன்னத்தை மஃப்ளரால் மூடிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அந்த ஹாலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு வாங்குவது இதுவே முதல் தடவை. கீழேயிருந்து பார்த்தால் மேடை இவ்வளவு உயரமா?

எரிக் மைக்கைத் தட்டினான். கையைப் பைக்குள் விட்டான். சொன்னபடியே செய்தான்.

"அறுபத்தொன்பது. பதினாலு. எண்பத்திரண்டு. ஏழு. முப்பத்தெட்டு..."

எக்ஸ்பிரஸ் ரயில் போல ஓடியது. முன் வரிசையில் வயதானவர்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "என்ன சொன்னான்? அறுபதா, எழுபதா?" "உனக்குக் காதுல விழுந்துதா?" "அட, என்னால அடிக்கவே முடியல!" யாரோ ஒருவர் சீட்டின் முதல் வரிசையை அடித்துவிட்டதாகக் கூவினார். சரிபார்த்தால் இரண்டு எண் வரவேயில்லை. இன்னொருவரும் கூவினார். அதுவும் செல்லாமல் போனது. முணுமுணுப்பு பெரிதானது. கடைசி வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

மஃப்ளருக்குள் மைக்கேல்ராஜின் வாய் வலது பக்கமாகக் கோணி மெல்லச் சிரித்தது.

அப்போது குளோரியா ஆன்ட்டி எழுந்து நின்றார். "டேய் எரிக்! நில்லுடா! இங்கே யாரைத் துரத்துறே? ஸ்வல்ப மெதுவாப் படி, நிதானமாப் படி, ரெண்டு தடவை படி!"

எரிக் திகைத்துப் போனான். மைக்கைக் கீழே இறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "ஆன்ட்டி, மாமாதான் வேகமாப் படிக்கச் சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னா போர் அடிக்கும்னாரு."

நான்கு ஒலிபெருக்கிகளும் அதை ஹாலின் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின.

"யாரு? மைக்கேலா?" என்றார் குளோரியா ஆன்ட்டி. "பதினஞ்சு வருஷமா ரெண்டு ரெண்டு தடவை சொல்ற ஆளு, உன்கிட்ட ஒரு தடவை போதும்னாரா?"

பின்னால் எங்கோ ஒருவர் "ஓஹோ..." என்று இழுத்தார். சிரிப்பு அங்கே தொடங்கி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அவருக்குப் பழக்கமான அதே குலுங்கல்தான். ஆனால் இதுவரை அவர் அதை மேலேயிருந்துதான் கேட்டிருக்கிறார்.

ஏதாவது சொல்ல வேண்டும். நான் சொன்னது அப்படி இல்லை, அவன் தப்பாகப் புரிந்துகொண்டான், ஏதாவது ஒன்று. வாயைத் திறந்தார். ஒரு விரல் அகலத்துக்கு மேல் தாடை நகரவில்லை. "ம்ஹ்ஹ்" என்று ஒரு சத்தம்தான் வந்தது. சிரிப்பு இன்னும் கூடியது. பக்கத்தில் நோரா மட்டும் சிரிக்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் எரிக்கின் முகம் மாறுவதை மைக்கேல்ராஜ் பார்த்தார். பையனுக்கு இப்போதுதான் விளங்கியது. அவன் கோபப்பட்டிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் கையில் இருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மைக்கை உயர்த்தினான்.

"சாரி மக்களே. மாமாவுக்கு மயக்க மருந்து இன்னும் எறங்கல. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். சீட்டை மாத்திக்கோங்க."

பழியை மருந்தின் மேல் போட்டுவிட்டான். ஹால் அதற்கும் சிரித்தது. இந்தச் சிரிப்பில் முள் இல்லை.

அதற்கப்புறம் அவன் நிதானமாகப் படித்தான். பிரித்து ஒரு முறை, சேர்த்து ஒரு முறை. வெடிகளையும் அவனே கட்டினான். "ஒண்ணு, எட்டு... பதினெட்டு. இந்த வயசுல அம்மா சொல்றது எதுவுமே காதுல விழாது!" "ஒன்பது, சைபர்... தொண்ணூறு. சில்க் போர்டு சிக்னல்ல நின்னா கிரீன் விழுறதுக்குள்ள ஆகுற வயசு!" தினமும் அந்த நெரிசலில் சாகிற பிள்ளைகள் விசிலடித்தார்கள். மைக்கேல்ராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அந்தத் தொண்ணூறு தனக்கு ஏன் இத்தனை வருடமாகத் தோன்றவில்லை என்று அவருக்குள்ளே ஒருவன் பல்லைக் கடித்தான்.

ஆட்டம் முடிந்தது. பெரிய பரிசான மிக்சி யாருக்கோ போனது. குளோரியா ஆன்ட்டி மைக்கை வாங்கினார்.

"திருவிழா ஹவுசிக்கு ஆளைச் சொல்லணும். மைக்கேல், நீயே முடிவு பண்ணு. பேச வேணாம், கையைக் காட்டினாப் போதும். நீயா, எரிக்கா?"

மைக்கேல்ராஜ் தன்னைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள், அது அவருக்குத் தெரியும். பழக்கம், பாசம், கொஞ்சம் பரிதாபம். ஜனவரிக்குள் வாயும் திறந்துவிடும். ஆனால் கோயில் மைதானத்தில் அவர் இரண்டாவது முறை ஒரு எண்ணைச் சொல்லும்போதெல்லாம், யாராவது ஒருவர் பக்கத்து ஆளின் விலாவில் இடிப்பார். அந்த இடி அவருக்கு இப்போதே கேட்டது.

கை மடியிலிருந்து கிளம்பியது. அவர் நெஞ்சுக்கு நேரே வந்து கொஞ்சம் தயங்கியது. பிறகு நீண்டு, எரிக்கைக் காட்டியது. காட்டிய கையை உடனே மஃப்ளருக்குள் இழுத்துக்கொண்டார், மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில்.

கைதட்டல் பலமாக இருந்தது. அதில் எவ்வளவு தனக்கு, எவ்வளவு அவனுக்கு என்று பிரித்துப் பார்க்க அவர் முயன்றார். முடியவில்லை.

மூவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். எரிக் துள்ளிக்கொண்டு வந்தான். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? திருவிழாவுக்கு உங்க பஞ்ச் எல்லாம் நான் எடுத்துக்கலாமா?"

மைக்கேல்ராஜ் நின்று மொபைலில் தட்டினார்: "கூடாது."

"எல்லாம் வேணாம். பாதி?"

"கூடாது."

"சரி, ஒண்ணே ஒண்ணு. உங்க ஞாபகமா."

மைக்கேல்ராஜ் தெருவிளக்கின் கீழ் ரொம்ப நேரம் யோசித்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மனம் வராமல் திரும்ப உள்ளே வைத்தார். கடைசியில் தட்டி, மொபைலை நீட்டினார். எரிக் உரக்கப் படித்தான்: "அஞ்சு, ஆறு... ஐம்பத்தாறு. அஞ்சையும் ஆறையும் கூட்டினா ஒரு கிரிக்கெட் டீம்."

"சூப்பர் மாமா" என்றான், மரியாதையாக.

அந்த மாலையில் நோரா முதல் முறையாகச் சிரித்தாள். "ஐயோ, இதையா குடுத்தீங்க? இதுக்கு ஒரு வருஷம்கூட யாரும் சிரிச்சதில்லையே!"

மைக்கேல்ராஜ் மஃப்ளரை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தார்.