கருட சேவையில் காணாமல் போன பேராசிரியர்

எழுபதுகளின் தொடக்கம். வைகாசி மாதம், காஞ்சிபுரத்தில் கருட சேவை நாள். பட்டுத்தறி வீட்டுப் பெண்ணான நான், தினமும் சென்னைக்குப் பஸ்ஸில் போய் அரசியல் விஞ்ஞானத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முந்தைய நாள் மாலைதான் ஆய்வேடு தட்டச்சாகி வந்தது. உடனே என் பேராசிரியரின் கையெழுத்துக்காகத் துறைக்கு ஓடினேன். அவர் குடும்பத்தோடு கருட சேவை பார்க்க எங்கள் ஊருக்கே கிளம்பிவிட்டாராம்! திரும்பிய கையோடு வெளிநாட்டுப் பயணம், வர ஆறு மாதமாகும் என்றார்கள். கையெழுத்து இல்லையென்றால் பட்டமும் இல்லை, எனக்காகக் காத்திருந்த கல்லூரி வேலையும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விடிந்ததும் ஆய்வேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். எள் போட்டால் விழாத நெரிசல். கடைசியில், காணாமல் போன குழந்தைகளை உட்கார வைத்திருந்த பந்தலுக்குப் போனேன். மைக் பிடித்திருந்தவருக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

"எத்தினி வயசுமா கொழந்தைக்கு?" என்றார்.

"ஐம்பது இருக்கும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "காலையிலேர்ந்து கத்திக்கினே இருக்கேன், இனிமே முடியாதுமா. நீயே கூப்பிடு" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

முதலில் முனகினேன். பக்கத்தில் நிற்கும் தனக்கே கேட்கவில்லை என்றார். கண்ணை மூடிக்கொண்டு, "அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்" என்று கத்தினேன். என் குரல் தெருத் தெருவாகப் போய்த் திரும்பி வந்தது. கூச்சம் போய், எனக்கே அது பிடித்துவிட்டது. ஐந்தாறு முறை கூப்பிட்டேன். அரசியல் என்றதும் இரண்டு கட்சிக்காரர்கள்தான் முதலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் வந்தார் பேராசிரியர், வியர்வையில் நாமம் கலைந்து. பின்னால் அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார். மைக் மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, "மூணு வருஷமா கருத்தரங்குல நீ வாயே திறந்ததில்லை. இன்னிக்குப் பெருமாளே திரும்பிப் பார்த்திருப்பாரும்மா" என்றார்.

அந்த வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை மைக் இல்லாமலேயே பாடம் நடத்தினேன். கடைசி வரிசையில் வாய் திறக்காத பெண் யாராவது இருந்தால், எனக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ளும். "நீயே வாசிம்மா" என்று புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் பந்தலில் எனக்குக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க, எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.