போகவில்லை என்றால் என்ன ஆகும்?

காலை 6.40. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கரியாலூருக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். என் பையில் நாற்பது வினாத்தாள்கள். பத்தொன்பது வருடம் கழித்து, அதே மலைக்கு இரண்டாம் சுற்று ஆய்வுக்குப் போகிறேன்.

எதற்கென்று சொல்லிவிடுகிறேன். மனிதன் எதைச் செய்தாலும் தனக்கு லாபமா நஷ்டமா என்று பார்த்துத்தான் செய்கிறான் என்பது பகுத்தறிவுத் தெரிவுக் கோட்பாடு. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் சமூகவியல் ஆசிரியர்களான நாங்கள் இதைப் போர்டில் படம் போட்டு நடத்துவோம், தேர்வில் கேட்போம், அத்தோடு சரி. மலைக்குக் கொண்டுபோய் உரசிப் பார்த்தவன் என்று கருத்தரங்குகளில் என்னைக் காட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

உரசிப் பார்த்தது மாத்தாள் வேலையை. சாமை அறுப்புக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வருவார். கூலி கிடையாது, இன்று உன் காடு, நாளை என் காடு. தன் காட்டை அறுத்து முடித்தவரும் கடைசிக் காடு வரை வந்தார். கோட்பாட்டின்படி அவர் நழுவியிருக்க வேண்டும். அதனால் வீடு வீடாகப் போய், "நாளைக்கு நீங்க போகலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. இந்த ஒற்றுமை நெடுநாள் தாங்காது என்று ஆய்வேட்டில் எழுதினேன். பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

7.25. கச்சிராயபாளையம். டீ பன்னிரண்டு ரூபாய். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம். பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் மரவள்ளிக் குச்சிக் கட்டு.

"மேல இப்ப சாமை போடுறாங்களா?" என்றேன்.

"சாமையா? ரொம்பக் கம்மிங்க. அறுக்க ஆளு ஏது? எல்லாம் வள்ளிதான்."

என் கணிப்பு பலித்திருந்தது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

8.50. கரியாலூர். ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. முதல் சுற்றில் நான் முதலில் கேள்வி கேட்ட வீட்டுப் பெண் சின்னப்பொண்ணு, வள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"நீங்கதான அந்தக் கேள்வி சாரு?"

"இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே."

"மறக்குமாங்க. நீங்க போன மறு வருசம் எங்க வூட்டுக்காரருதான் மொதல்ல போவல. நம்ம காடு அறுத்தாச்சு, போவலன்னா இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்னு படுத்துக்கினாரு. ஒண்ணும் ஆவல. சிரிச்சிட்டு வுட்டுட்டாங்க. அடுத்த வருசம் நாலு பேரு போவல. அதுக்கடுத்த வருசம் எங்க சாமை மழையில நனைஞ்சிக்கினு கெடக்குது, ஒருத்தரும் வரல. கதிரோட மொளச்சிப் போச்சி."

இப்போது காடு கீழேயுள்ள ஒருவரிடம் குத்தகையில் இருக்கிறது. கணவர் கேரளாவில் மிளகு பறிக்கிறார். இவர் தன் காட்டிலேயே கூலிக்குக் களை வெட்டுகிறார். பஸ்ஸில் சந்தோஷப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கணிப்பைப் பலிக்க வைத்தவனே நான்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றேன்.

"உங்கள இன்னா சொல்றதுங்க. நீங்க கேட்டீங்க, இவரு செஞ்சி பாத்தாரு." களைவெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ஆனா எதுக்குப் போறீங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே. போவலன்னா இன்னான்னுதான் கேட்டீங்க."

வினாத்தாள்களை வெளியே எடுக்கவில்லை.

பகல் 12.30. கஞ்சிக்கு வீடு திரும்பும் வழியில் சின்னப்பொண்ணு ரோடு வரை கூடவே வந்தார். விழுப்புரத்தில் என் தெருவில் ஒரு சாவு விழுந்தால், போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். யாரும் வந்து கேட்டுக் கெடுக்கவில்லை, எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. இவர்களுக்கோ நான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த நாளில் அறுப்புக்கு எதற்குப் போனீர்கள் என்று அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. அவர் சொல்லத் தொடங்கினால் கை தானாகப் பேனாவைத் தேடும், அதுவும் ஓர் ஆய்வாகிவிடும் என்று பயந்தேன். பஸ் வந்தது. கேட்காமலே ஏறிவிட்டேன்.