எண்ணூரில் முதல் போணி

புயல் ஓய்ந்த ஊரில் குழந்தைக்குத் தின்ன வாங்கித் தரலாமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நகரத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்து எண்ணூர்க் காயலோரம் நிற்கிறோம். சவாரிப் படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. புதுக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் மட்டும் இறால் வடை வேகிறது. மூன்று வயது மகள் என் புடவையை இழுக்கிறாள். கிணறெல்லாம் சேறாயிற்றே, பேதி வருமோ என்று தயங்குகிறேன்.

“புயலுக்கப்பால இன்னிக்குத்தாம்மா அடுப்பு மூட்டிகீறேன். கொயந்த கையால மொத போணி பண்ணு,” என்கிறாள் கடைக்காரி.

“எனக்கு மட்டும் ஒண்ணு கொடுங்கம்மா,” என்கிறேன்.

“நீ துன்னா இன்னா? பட்டணத்து ஜனம் தள்ளி நின்னு பாத்துகினு கீது. கொயந்த துன்னாத்தான் நம்பி வரும்.”

பாதி வடையை ஊதி மகளுக்குக் கொடுக்கிறேன். தள்ளி நின்றவர்கள் தம் குழந்தைகளோடு கொட்டகைக்குள் நுழைகிறார்கள். கடைக்காரி அடுத்த ஈடு போடுகிறாள். நான் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அந்தக் குழந்தைகளுக்கும் இனி நான்தானே பொறுப்பு? தாய்மார்களே, நீங்கள் கொடுத்திருப்பீர்களா, சொல்லுங்கள்.