பிட்பதற்கு முன்

தாராவியில் என் இட்லியைக் குறை சொன்னவர் கிடையாது. விடியுமுன் நான் அவித்துக் கொடுப்பதைச் சைக்கிள்காரர்கள் குர்லா வரைக்கும் கொண்டுபோய் விற்கிறார்கள். அப்படிப்பட்ட என் இட்லிக்குத்தான் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்க மறுத்தார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி விட்டார்கள். தொண்டை தேறிவிட்டது என்று குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இந்தியில் கண்டிப்பாகச் சொன்னார், வாயால் சாப்பிடவில்லை என்றால் மறுபடியும் குழாய்தான் என்று.

வீட்டுக்கு வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். கஞ்சி, பாலில் குழைத்த இட்லி, எதற்கும் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் இடது கையால் தள்ளினார்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "மயினி, ஊரே ஒங்க இட்லிக்கு வாயப் பொளக்கு. அண்ணனுக்கு மட்டும் புடிக்கலையாக்கும்" என்றாள்.

"நீ ஒம் புருசனுக்கு ஒழுங்கா ஆக்கிப் போடு, போ" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போனாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. கோவிலுக்கு வர முடியாதவர்களுக்குப் போதகர் திருவிருந்து அப்பத்தையும் திராட்சரசத்தையும் வீட்டுக்கே கொண்டுவருவார். எங்கள் வீட்டில் மேசை கிடையாது. மாவு டிரம்மைக் கவிழ்த்து, புது இட்லித் துணி ஒன்றை அதன்மேல் விரித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஐயா, அவுக வாயத் தெறக்க மாட்டாவ. உதட்டுல தொட்டு வச்சிட்டுப் போங்க" என்றேன்.

"பாப்போம்மா" என்றார்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் திருவிருந்து ஜெபம் முழுக்க மனப்பாடம். போதகர் அப்பத்தைக் கையில் எடுப்பார், நன்றி சொல்வார், அதற்குப் பிறகுதான் பிட்பார். அன்றைக்கும் அப்படியே செய்தார். பிட்டதும், என் வீட்டுக்காரர் வாய் குருவிக்குஞ்சு வாயைப் போலத் திறந்தது. திராட்சரசத்தில் தோய்த்த துண்டைப் போதகர் அவர் நாக்கில் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது.

போதகர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இவர் தட்டை முன்னால் வைத்து வாய்விட்டு நன்றி சொன்ன பிறகே முதல் துண்டைப் பிட்பார். சட்னி காய்ந்துபோகும். "ஆண்டவருக்குக் கேட்டாச்சு, சாப்பிடுங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவேன். இப்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. நன்றி சொல்லாமல் சாப்பிட மனசும் வரவில்லை.

ஒரு இட்லியைக் கையில் எடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட அப்படி ஏந்திப் பார்த்ததில்லை. உயிருள்ளதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. "ஆண்டவரே, இந்த இட்லிக்காக ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிட்டேன்.

வாய் திறந்தது.

பீடத்தில் நடப்பது என் அடுப்படியிலும் நடக்கும் என்று யார் நினைத்தது? மெதுவாக மென்று விழுங்கினார். அடுத்த துண்டை நீட்டினேன். இடது கையால் அதை வாங்கினார். தள்ளவில்லை. என் வாய்க்குக் கொண்டுவந்தார். பாதி கன்னத்தில் அப்பியது. மீதியை வாங்கிக்கொண்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.