ஒன்பதாவது கோடு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒன்பது பென்சில் கோடுகள் இருந்தன. இடுப்பு உயரத்தில் தொடங்கி என் தலைக்கு மேலே போய் நிற்கும். ஒவ்வொன்றும் என் வலது கை ஏறிய உயரம். போட்டவர் பிசியோதெரபி அக்கா.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இருபத்து மூன்று வயது. கழுத்துக்குக் கீழே காறை எலும்பு வீங்கி, தோள் இறுகி, தலை வாரக்கூடக் கை எழாது. உள்ளங்கையிலும் பாதத்திலும் சீழ்க் கொப்புளங்கள். எலும்பு, மூட்டு, தோல் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற அபூர்வ நோய், தொற்றாது என்றார் சென்னை மருத்துவர். எங்கள் தெருவில் யார் கேட்டார்கள்? பெருநோய் என்றே பேசிக்கொண்டார்கள். பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்களுக்கு மோர் ஊற்றும்போது அம்மாவே என்னை உள்ளே இருக்கச் சொல்லுவாள்.

அக்கா மட்டும் கையுறை போடாமல் என் கையைப் பிடித்தார். வாராவாரம் வீட்டுக்கே வந்து ஒத்தடம் கொடுத்து, விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி மெல்ல ஏற்றச் சொல்லுவார். "வலிச்சா நிறுத்து. பயந்துகினு நிறுத்தாத" என்பார். முடிந்ததும் காப்பியை நான்தான் கொண்டுவர வேண்டும். "அதுவும் எக்சர்சைஸ்தான்டி" என்று சிரித்து, சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பார்.

அக்காவை மொபெட்டில் கொண்டுவந்து விடுகிற அவருடைய தம்பிக்கு என்னைப் பிடித்துப்போனது. தம்பியே வீட்டில் சொல்லி, கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அக்காவும் வந்தார். அக்கா இருக்கும்போது எனக்கென்ன பயம்? காப்பித் தட்டை நானே ஏந்திப் போனேன்.

அவர்களுடைய அம்மா என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது? ஒட்டிக்குமா?" எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ஒட்டாது என்ற ஒரு சொல்லுக்காக நானும் பார்த்தேன்.

"எனக்கு இன்னா தெரியும்? டாக்டரத்தான் கேக்கணும். வீட்ல சின்னப் புள்ளைங்க வேற இருக்குது."

அக்கா முன்னால் காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத ஜனம் ஒதுங்கியதை நான் பொறுத்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒட்டாதென்று தெரியும். தெரிந்தே சொன்னார், பாவி! சம்பந்தம் கலைந்தது. அதன்பிறகு அக்கா வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நானே விரல்களைச் சுவரில் ஏற்றினேன், கோடு போட ஆளில்லாமல்.

போன மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். "இந்தக் கோட்டையும் சேத்து அடிச்சிடட்டுங்களாம்மா?" என்றார் பெயின்டர். விரல்களை ஏற்றிப் பார்த்தேன். கை ஒன்பதாவது கோட்டைத் தாண்டிப் போனது. கை எழுந்ததும் அக்காவால்தான். அதனால்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

"அடிச்சிடுங்க" என்றேன்.

பெயின்டருக்குக் காப்பி கொண்டுபோனேன். உள்ளங்கையில் அன்றும் கொப்புளங்கள் இருந்தன. பார்த்தார், வாங்கினார், குடித்தார்.