இரண்டு ஊசியும் நான் போட்டவைதான்

மாசி என்ற ஊரில் இரண்டு வீடுகள் கட்டினேன். முன்வீடு மகனுக்கு, பின்வளவில் இருக்கும் சின்ன வீடு எனக்கும் மனைவிக்கும். கிளென் ஈடனில் ஒரு முழுத் தெருவின் இரண்டு பக்க வேலியும் என் கையால் நட்டவை. ஒரு வேலிக் கம்பனி கட்டினேன். மூன்று வான் வண்டிகள், ஆறு வேலையாட்கள், அவர்களில் இரண்டு பேர் இந்த நாட்டில் பிறந்த வெள்ளைக்காரர். என்னை ‘பாஸ்’ என்று கூப்பிட்டவர்கள். கோயில் மடப்பள்ளியின் கொங்கிறீட் நிலம் நான் போட்டது. இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை. இவ்வளவையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கைப்பையோடு அகதியாக வந்து இறங்கியவன். ‘யெஸ்’, ‘நோ’, ‘டுமாறோ’ என்ற மூன்று சொற்களை வைத்துத் தொழில் தொடங்கியவன். யாரும் தூக்கிவிடவில்லை. சிலர் காலை இழுத்தார்கள். அவர்களுடைய வேலியையும் பிறகு நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் நான் பழகிய வேலைகளில் பெரியது எது என்று என்னிடம் கேட்டால், ஊசி போடுவது என்றுதான் சொல்வேன்.

மனைவிக்குச் சீனி வருத்தம் முற்றி, குளிசை போதாது, இனி இன்சுலின்தான் என்று டாக்டர் சொன்னபோது அவளுடைய விரல்கள் ஏற்கெனவே மரத்துப்போயிருந்தன. பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியின் திருகை அவளால் திருப்ப முடியாது. மகன் விடிய ஆறரைக்கே வேலைக்குப் போய்விடுவான். மருமகள் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கிளென்ஃபீல்டில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவள். தடுப்பூசி போடுவதும் அவள் வேலைதான்.

“நர்சை வரச் சொல்லலாம் மாமா,” என்றாள்.

“ஏன், என்ரை கைக்கு என்ன வந்தது?” என்றேன்.

அவள் ஆரஞ்சு என்று சொல்லும் ஒரு தோடம்பழத்தில் என்னைப் பழக்கினாள். பால்போல இருக்கும் மருந்தைப் பேனாவோடு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பத்துத் தரம் உருட்ட வேண்டும். புது ஊசி மாட்ட வேண்டும். இரண்டு யூனிட் காற்றில் விட்டுப் பார்க்க வேண்டும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேற்றுப் போட்ட இடத்தில் போடாமல், நேராகக் குத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். காலையில் இருபத்திரண்டு, மாலையில் பதினாறு. மூன்றாம் நாள் நான் போட்டது தனக்குத் தெரியவே இல்லை என்று மனைவி சொன்னாள். பொய் சொல்கிற ஆள் இல்லை அவள்.

ஊசி என்றால் என்ன என்று அதற்குப் பிறகு தேடித் தேடிக் கேட்டுவைத்தேன். மருமகளின் கடையில் காய்ச்சல் ஊசி போட்டதும் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மயக்கம் வருகிறதா என்று பார்க்க. அந்தக் கால் மணி நேரத்தில் அவளைக் கேள்வியால் துளைத்துவிடுவேன். ஃப்ளூ ஊசி ஒவ்வொரு வருடமும் ஏன்? கிருமி வருடா வருடம் சட்டையை மாற்றுகிறது. அக்கிக்கு இரண்டு ஊசி, வயது போனவர்களுக்கு. வந்தால் நெருப்பு வைத்தது மாதிரி எரியும். ஆணி ஏறினால் ஏற்பு ஊசி, டெட்டனஸுக்கு. என் வேலையாட்களில் போடாதவன் ஒருவனும் இருந்ததில்லை. பேரப்பிள்ளை பிறக்கு முன்னமே எங்களுக்கெல்லாம் குக்கல் இருமல் ஊசி. மனைவி மச்சம் மாமிசம் தொடாதவள், அவளுடைய இரத்தத்தில் பி பன்னிரண்டு குறைவு. அதற்கும் மூன்று மாதத்துக்கு ஒன்று. சித்திரை மாதம் வந்தால் கோயிலுக்கு வரும் வயது போனவர்களை வானில் ஏற்றிக்கொண்டு போய் ஃப்ளூ ஊசி போட்டுக் கூட்டிவந்தவன் நான். பயந்தவர்களைப் பகிடி பண்ணியே உள்ளே தள்ளினேன்.

பிறகு என் இடது கண் பழுதாகி, லைசன்ஸ் போனது. வான்களை என் வேலையாட்களில் ஒருவன் வாங்கிக்கொண்டான். அதன்பிறகு எனக்கு மிச்சம் இருந்தது காலை ஏழரையும் மாலை ஆறும்தான். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் என் உலகம். டொரொண்டோவில் தம்பி செத்தபோது நான் போகவில்லை. கலியாண வீடுகளில் தாலி கட்டியதும் மணமகள் அறைக்குள் மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேலையை விலக்கி ஊசி போடுவேன். வெளியே பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்வளவைச் சுற்றி ஆறு அடியில் நானே அடித்த பலகை வேலி. குந்தி இருந்தால் அதற்கு மேலால் வானம் மட்டும் தெரியும்.

இந்த நிலையில்தான் கந்தசஷ்டி விரதம் வந்தது.

டாக்டர் விரதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். முந்திய வருடங்களில் மனைவி வழக்கம்போலச் சாப்பிட்டுத் தோத்திரம் படித்ததோடு நின்றுவிட்டாள். இந்த முறை ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும், பின்னேரம் பாலும் பழமும் என்று பிடிவாதமாக நின்றாள்.

“இஞ்சேருங்கோ, சண்டை நேரம் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனவையெல்லே, அந்த வருஷம் நேர்ந்தது. உயிரோட வந்தால் சாகும்வரைக்கும் பிடிப்பன் எண்டு. நாலு வருஷமா ஏமாத்திப்போட்டன்.”

என்னை உயிரோடு கேட்டுப் பிடித்த விரதத்தை நான் எந்த வாயால் மறிப்பது? மருமகளிடம் சொன்னால் மறிப்பாள். மகனிடம் சொன்னால் சத்தம் போடுவான். ஆகவே இருவரிடமும் சொல்லாமல் நாங்களே பேசி முடித்தோம்.

“ஊசி போட்டால் விரதம் குலையுமே?” என்று மனைவி கேட்டாள்.

“ஊசி என்ன சாப்பாடே? மருந்து. குலையாது. ஊசியை மட்டும் விடக்கூடாது, அது என்ரை கண்டிஷன்,” என்றேன்.

இவ்வளவு ஊசி தெரிந்த நான் அந்த இடத்தில்தான் சறுக்கினேன். ஊசியை விடுவதுதான் ஆபத்து என்று என் தலையில் ஊறியிருந்தது. இன்சுலின் சாப்பாட்டுக்காகப் போடுவது, வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் அது இரத்தத்தில் இருக்கிற கொஞ்சச் சீனியையும் இறக்கிவிடும் என்பதை மருமகள் எனக்குச் சொல்லித்தான் இருந்தாள். விரதத்தை நான் பட்டினியாக நினைக்கவில்லை.

முதல் நாள் கை நடுங்குகிறது என்றாள். விரதம் என்றால் நடுங்கும்தானே என்றேன். இரண்டாம் நாள் காலையில் விரலில் குத்திச் சீனியைப் பார்த்தபோது ஐந்து புள்ளி ஒன்று. அப்படி ஒரு நல்ல இலக்கத்தை நாங்கள் பார்த்து வருடக்கணக்கு. “பாரும், முருகன் உம்மடை சீனியையும் பாக்கிறார்,” என்றேன். இருபத்திரண்டு யூனிட்டையும் போட்டேன்.

பத்து மணிபோல வேலிப் பலகைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். மனைவி சுவாமிப்படத்தின் முன் சுவரோடு சாய்ந்திருந்தாள். சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்தது.

“கதவைத் திறக்காதேங்கோ,” என்றாள். “அவை திரும்பி வந்திட்டினம்.”

“ஆர் வந்தது?”

“சத்தம் போடாதேங்கோ. உங்களைத்தான் கேக்கினம்.”

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். விரலில் குத்தினேன். ஒன்று புள்ளி ஒன்பது. நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. தோடம்பழச் சாற்றைக் கொண்டு ஓடிவந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

“குடியும்.”

“சஷ்டி முடியட்டும்.”

“எனக்காகத்தானே பிடிக்கிறீர்? நான் சொல்லுறன், குடியும்.”

திறக்கவில்லை. கன்னத்துக்குள் விரலால் தேன் பூசப் பார்த்தேன், விரலைக் கடித்தாள். பிறகு கடியும் விட்டுப்போய், கண் மேலே செருகி, என் மடியில் சாய்ந்தாள். அந்த அறையில் நான் கட்டாதது ஒன்றும் இல்லை. சுவர், கதவு, யன்னல் எல்லாம் என்னுடையவை. அவற்றுக்குள் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சீனி இறங்கி மயங்கினால் திரும்ப ஏற்றும் அவசர ஊசி ஒன்றை மருமகள் ஒரு செம்மஞ்சள் பெட்டியில் தந்திருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. தரும்போது சொன்னாள்: “உள்ள பவுடர் இருக்கு, சிரிஞ்சுல தண்ணி இருக்கு மாமா. தண்ணிய பவுடர்ல விட்டுக் கலக்கி, திருப்பி இழுத்து, தொடையில போடணும். போட்டதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி வரும்.” சாந்து குழைக்கிற மாதிரியோ என்று கேட்டேன். “ஆமா மாமா, ஆனா டீ குடிச்சிட்டு வந்து குழைக்கக் கூடாது,” என்றாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வைத்தேன். மூச்சு இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘யெஸ்’, ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டே கலக்கினேன். ஒரு கண்ணால் குப்பிக்குள் தண்ணீர் மட்டத்தைப் பிடிப்பது லேசு இல்லை. தொடையில் போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு, “ஏன் அழுறீங்கள்?” என்று கேட்டாள். ஆம்புலன்ஸ்காரர் வந்தபோது அவள் கண் திறந்திருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்த அன்றே மகன் இன்சுலினை எல்லாம் முன்வீட்டுக்குக் கொண்டுபோனான்.

“அப்பா, இனி நீங்கள் ஊசியைத் தொடக்கூடாது. ஃபைனல்.”

“நாலு வருஷம் நான் போட்டனான்.”

“நாலு வருஷம் லக்.”

காலையில் ஒரு நர்ஸ் வந்தாள், மாலையில் மருமகள். ஊசி போடும் நேரம் நான் அடுத்த அறையில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நான் எழுந்து போகும்வரைக்கும் ஊசியை எடுக்காமல் நின்றார்கள். எழுந்து போனேன். ஏழரைக்கு விழிப்பு வந்தது, கைக்கு வேலை இல்லை. தனியாக மனைவியோடு இருக்கும் நேரத்திலும் மணிக்கொரு தரம் மகன் போன் பண்ணி அம்மாவின் குரலைக் கேட்டான்.

அதோடு முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண் வருவாள், வீட்டைப் பார்ப்பாள், மனைவி எங்களோடு இருக்கலாமா, நர்ஸ்மார் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டுமா என்று எழுதுவாள் என்றார்கள். நாற்பத்தாறு வருடம் சேர்ந்து இருந்தவர்களை ஒரு பின்னேரத்தில் பிரித்து எழுதக்கூடிய பேனா அது.

வருவதற்கு முதல்நாள் மகன் சொன்னான்: “விரதத்தைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ, அப்பா. பயந்திடுவினம். அம்மாவுக்குப் பசியில்லை, சாப்பிடேல்லை எண்டு சொல்லுவம். நீங்கள் சும்மா இருங்கோ.”

ஓம் என்றேன். வாயைத் திறந்தால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம்.

வந்த பெண் நல்லவள். செருப்பை வாசலில் கழற்றினாள். மகன் பசியில்லாத கதையை அழகாகச் சொன்னான். “நாங்கள் அந்த அவசர ஊசியைப் போட்டோம்,” என்றான். அவன் அந்த நேரம் நகரத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தான். அதையும் விழுங்கிக்கொண்டு இருந்தேன். அப்போது அந்தப் பெண் கேட்டாள், இனி ஒரு நாள் மனைவிக்குப் பசிக்காமல் போனால் என்ன திட்டம் என்று. மகன் பசியின்மைக்கு ஒரு திட்டம் சொன்னான், சூப், பிஸ்கட் என்று. மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. வருகிற வருடமும் சஷ்டி வரும். மனைவி பிடிப்பாள். முதியோர் இல்லத்தில் இருந்தாலும் பிடிப்பாள், ஒளித்துப் பிடிப்பாள். அங்கே இருக்கிறவர்களின் தாளில் பசியில்லை என்று எழுதியிருக்கும், விரதம் என்று இருக்காது. அவர்களும் என்னை மாதிரியே நல்ல இலக்கத்தைப் பார்த்துவிட்டு முழு ஊசியையும் போடுவார்கள்.

“எக்ஸ்கியூஸ் மீ,” என்றேன். “ஷீ ஃபாஸ்டிங். ஃபோ காட். ஐ நோ. ஃபர்ஸ்ட் நீடில், மீ. செகண்ட் நீடில் ஆல்சோ மீ.”

“அப்பா,” என்றான் மகன்.

“மொழிபெயர், பிள்ளை,” என்று மருமகளிடம் சொன்னேன். நேர்ந்த காரணத்திலிருந்து ஐந்து புள்ளி ஒன்று வரைக்கும் சொன்னேன். அவள் ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். அந்தப் பெண் நெடுநேரம் எழுதினாள். பிறகு மனைவியைப் பார்த்து, திரும்பவும் விரதம் இருப்பீர்களா என்று கேட்டாள்.

“ஓம்,” என்றாள் மனைவி. “ஆனால் இந்த முறை சொல்லிப்போட்டு இருப்பன்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்கு வரவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. மனைவி வீட்டிலேயே இருக்கலாம். காலையில் நர்ஸ் வருவாள். விரதத்துக்கு ஒரு மாதம் முன்னமே டாக்டரோடு பேசி ஊசியைக் குறைத்து, என்ன சாப்பிடலாம் என்று முடிவு பண்ண வேண்டும். செம்மஞ்சள் பெட்டி எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இன்சுலின் போட என்னை விடுவதா என்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்பார்கள். ஆறு மாதம் அந்த நான்கு சுவருக்குள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன், இருந்துதான் ஆகவேண்டும்.

ஆனால் மருமகள் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ‘குடும்பத்தினர் ஒருவர் சாப்பாடு இல்லாமல் முழு அளவு இன்சுலின் கொடுத்துள்ளார்’ என்று ஓரிடத்தில். ‘குடும்பத்தினர் ஒருவர் அவசர ஊசியைச் சரியான முறையில் போட்டுள்ளார்’ என்று இன்னோரிடத்தில். வாசிக்கிறவர்களுக்கு அது இரண்டு ஆட்கள். ஒரு மடையனும், வேறு யாரோ ஒரு கெட்டிக்காரனும்.

“விடுங்கோ அப்பா, அம்மா வீட்டிலதானே இருக்கிறா,” என்கிறான் மகன்.

விடமாட்டேன். அவனை இருத்தி வைத்து, ஆஸ்பத்திரிக்குத் திரும்ப இப்படி ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறேன்: பிழையை மறைக்க நான் கேட்கவில்லை. ‘குடும்பத்தினர் ஒருவர்’ என்று இருக்கிற இரண்டு இடத்தையும் வெட்டி, இரண்டு இடத்திலும் ‘கணவர்’ என்று போட்டு, அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.