ஆடுகள் தொடாத சுரைக்காய்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில் ஒரு காலை. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் மகளுக்குச் சீமந்தம். சமையல் என்னுடையது.

நான் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவள். மருந்தடிக்காத காய், அந்தந்தப் பருவத்தில் விளைந்தது, அன்றைக்குப் பறித்தது. இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவள். பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். "எல்லாமே நம்ம தோட்டத்துதா இருக்கணும்மா. வந்ததும் குடிக்க, பச்சை சொரக்காயை அரைச்சி மோர்ல கலந்து குடு. புள்ளத்தாச்சிக்கு சூடு தணியும்" என்றார்.

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பத்து நாளைக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது என் நாக்கு ருசியையும் மூக்கு வாசனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சொன்னால் இந்த வேலை கைவிட்டுப் போய்விடும். இத்தனை வருடம் சமைத்த கை, அளவு தப்பாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தோப்பில் அடுப்பு மூட்டியபோதுதான் அது எவ்வளவு பயங்கரம் என்று உறைத்தது. மாம்பிஞ்சைக் கிள்ளினேன், வாசனை இல்லை. கொத்தமல்லியைக் கசக்கினேன், காகிதத்தைக் கசக்கினாற்போல இருந்தது. கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது, தாளிப்பு எங்கே என்றே தெரியவில்லை. செத்துப்போனவள் வந்து சமைத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ, நல்ல நாளும் அதுவுமாய் என்ன நினைப்பு என்று தலையை உதறிக்கொண்டேன்.

சுரைக்காய் கிணற்றடியில் காய்த்திருந்தது. யாரும் விதைக்காமல் தானாக முளைத்த கொடியாம். தோட்டம் முழுக்கக் குரங்குகள் துவம்சம் பண்ணியிருந்தன. தக்காளி, வெள்ளரி எதையும் விடவில்லை, எல்லாவற்றிலும் பல் பட்டிருந்தது. இந்தக் கொடியில் மட்டும் ஒன்பது காய்களும் ஒரு கீறல் இல்லாமல் தொங்கின. என் அதிர்ஷ்டம் என்று பறித்துக்கொண்டேன்.

சுரைக்காயின் நுனியை நறுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அரிவோம். ஒவ்வொரு காயாகப் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு. நானும் வைத்துப் பார்த்தேன். ஈரப் பஞ்சை மென்ற மாதிரி இருந்தது. என்னோடு வேலை செய்யும், பக்கத்துப் பாகாலா ஊர்க்காரப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிக்கா கீது?"

"சூப்பர்" என்றேன்.

அரைத்து, மோரில் கலந்து, டம்ளர்களில் ஊற்றி உள்ளே அனுப்பினோம். சுரைக்காய்த் தோலையும் மிச்சத் துண்டுகளையும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கொட்டப் போன பாகாலாக்காரப் பெண், முகம் வெளிறித் திரும்பி வந்தாள். "அக்கா, இங்க வந்து பாரேன். ஆடு துன்ன மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். ஏழெட்டு ஆடுகள், அந்தக் குவியலைச் சுற்றி நின்றிருந்தன. கழுத்தை நீட்டி மோந்து பார்ப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கொட்டிய தோலை ஆடு தின்னாமல் நின்றதை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. எல்லாம் சேர்ந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

"காத்து கருப்பு ஏதோ நின்னுக்கினு கீதுக்கா. புள்ளத்தாச்சி இருக்கிற எடம் வேற" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயை மூடுடி" என்று அதட்டினேன். அதட்டும்போதே பொறி தட்டியது. என் நாக்குக்குத் தெரியாத எதுவோ இந்த ஆடுகளுக்குத் தெரிந்திருக்கிறது! குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தேன்.

"தூ! சேது, சேது!" என்று தெலுங்கில் கத்தித் துப்பினாள். "வேப்பங்கொட்டையாட்டம் கசக்குதுக்கா!"

விழுந்தடித்து ஓடினேன். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் உதட்டில் முதல் டம்ளர் இருந்தது. ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். பட்டுப்புடவை முழுக்க மோர்.

"சீமந்தத்தன்னிக்கு இன்னா வேலம்மா பண்ணிட்ட!" என்று அவள் அம்மா அலறினார்.

"யாரும் குடிக்காதீங்க!" என்று நான் அவருக்கு மேல் கத்தினேன். அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வாய் குடிச்சிட்டேன் ஆன்ட்டி. கசந்துது. ஆர்கானிக்னா இப்டித்தான் இருக்கும்னு முழுங்கிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. காரில் போட்டுக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கசக்கிற சுரைக்காய் விஷமாம். முழு டம்ளரும் உள்ளே போயிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் எதுவும் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். மருந்தடிக்காத காயில் என்ன விஷம் இருக்கப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேசித் திரிந்தவள் நான்.

சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. காய்ச்சல், ருசி போனது, மறைத்தது எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "காலைலயே சொல்லி இருந்தியானா, நாங்க யாராச்சும் ருசி பாத்திருப்போமேம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஒரு மாதத்தில் என் நாக்கும் திரும்பி வந்தது. இப்போதும் வேலைக்குப் போகிற இடத்தில் எனக்கு ஒன்று தெரியவில்லை என்று சொல்ல வெட்கம் வந்தால், அந்த அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வரும், உடனே சொல்லிவிடுவேன்.